631.5 எடுத்தும் பதக்கம் இல்லை, 580 எடுத்தவருக்கு வெண்கலம்: ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் இரண்டில் எது உண்மையிலேயே கஷ்டம்?

2024 பாரிஸ் ஒலிம்பிக் நினைவிருக்கிறதா? 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் மனு பாக்கர் எடுத்தது 580. மூன்றாவது இடம். மறுநாள் இறுதிச் சுற்றில் வெண்கலமும் வென்றார். அதே பாரிஸில் 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிந்தால் எடுத்தது 631.5. மனுவை விட 50 மதிப்பெண்ணுக்கு மேல் அதிகம். ஆனால் அவருக்குக் கிடைத்தது ஐந்தாவது இடம்தான். இறுதிச் சுற்றில் ஏழாவதாக முடித்தார்.

அதே ரைபிள் பிரிவில் 630.7 எடுத்த இளவேனில் வாலறிவனுக்கு இறுதிச் சுற்றுக்கே இடம் கிடைக்கவில்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த அவர் முடித்தது 10-ஆவது இடம்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இரண்டு சந்தேகம் வரும். "ரைபிள்ல எல்லாரும் 630 அடிக்கிறாங்க, அப்போ அது ஈஸிதானே?" என்பது ஒன்று. "630 அடிச்சும் வெளியே போறாங்க, அப்போ ரைபிள்தானே ரொம்பக் கஷ்டம்?" என்பது இன்னொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள்.

அந்த இரண்டு அளவுகோலையும் ஒரே அளவுகோலுக்கு, அதாவது மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார்த்தால் என்ன தெரிகிறது? உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பும் யோசனை இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாகச் சொன்னால்?

ஒரு புள்ளியைக் குறிபார்த்து அடிப்பதுதான் கேள்வி என்றால், பிஸ்டல் கஷ்டம். அதுவும் கொஞ்ச நஞ்சமல்ல, உலகத் தரத்திலேயே சுமார் ஆறு மடங்கு. ஆனால் போட்டியில் ஜெயிப்பதுதான் கேள்வி என்றால், ரைபிளில் தவறு செய்ய இடமே இல்லை. பிஸ்டலில் மன்னிக்கப்படும் தவறு ரைபிளில் பதக்கத்தைப் பறித்துவிடும்.

இது எப்படி என்று புரிய, முதலில் டார்கெட்டைப் பார்க்க வேண்டும்.

ஒரே தூரம், ஒரே குண்டு, டார்கெட் மட்டும் வேறு

இரண்டு போட்டிக்கும் தூரம் 10 மீட்டர். இரண்டிலும் பயன்படுத்துவது 4.5 மி.மீ. விட்டமுள்ள ஈய பெல்லட். இரண்டிலும் தகுதிச் சுற்றுக்கு 60 ஷாட், 75 நிமிடம். இரண்டையும் நின்றுகொண்டுதான் சுட வேண்டும். இதுவரை எல்லாம் ஒன்றுதான்.

டார்கெட்டுக்கு வந்தால் கதை மாறுகிறது.

ரைபிள் டார்கெட்டில் 10 மதிப்பெண் தரும் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மி.மீ. குழந்தைகள் பயன்படுத்தும் மெக்கானிக்கல் பென்சிலில் 0.5 என்று போட்டிருக்கும் இல்லையா, அந்த லெட் கம்பியின் தடிமன்தான். மொத்த டார்கெட்டின் விட்டமே 45.5 மி.மீ. கறுப்பாகத் தெரியும் வட்டம் 30.5 மி.மீ. உங்கள் பர்ஸில் இருக்கும் பத்து ரூபாய் நாணயத்தை விட ஒரு சுற்று பெரியது, அவ்வளவுதான்.

பிஸ்டல் டார்கெட்டில் 10 மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. சட்டைப் பொத்தான் அளவு. கறுப்பு வட்டம் 59.5 மி.மீ. மொத்த டார்கெட் 155.5 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தை நடுவில் வைத்தால், அது ஏறக்குறைய 9 மதிப்பெண் வளையத்தை மூடும்.

0.5 மி.மீ. எங்கே, 11.5 மி.மீ. எங்கே? 23 மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்ததும் "ரைபிள்தான் கஷ்டம்" என்று தீர்ப்பு எழுதிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இங்கே ஒரு சின்ன விஷயம் இருக்கிறது.

10 கிடைக்க பெல்லட்டின் மையம் அந்த வட்டத்துக்குள் போக வேண்டும் என்பதில்லை. பெல்லட்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே போதும். பெல்லட்டின் ஆரம் 2.25 மி.மீ. அதைச் சேர்த்தால், ரைபிளில் 10 எடுக்க பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 2.5 மி.மீ. தூரத்துக்குள் விழ வேண்டும். பிஸ்டலில் 8 மி.மீ. தூரத்துக்குள். ஆக, உண்மையான வித்தியாசம் 23 மடங்கு இல்லை, 3.2 மடங்கு.

இனி வரும் கணக்குகள் எல்லாம் இந்த 2.5, 8 ஆகிய இரண்டு எண்களை வைத்துத்தான். இவற்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் ஏன் தசமம், இன்னொன்றில் ஏன் முழு எண்?

ரைபிள் தகுதிச் சுற்றில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் தசமத்தில் மதிப்பெண். ஒரு ஷாட்டுக்கு உச்சம் 10.9. எனவே 60 ஷாட்டுக்கு உச்சம் 654. பிஸ்டல் தகுதிச் சுற்றில் முழு எண் மட்டும். 10.0 ஆனாலும் 10.9 ஆனாலும் 10-தான். உச்சம் 600.

முன்பு ரைபிளிலும் முழு எண்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது தகுதிச் சுற்றில் அவர் எடுத்தது 600-க்கு 596. அதாவது 60 ஷாட்டில் அவர் இழந்தது வெறும் 4 மதிப்பெண். அப்படியும் அவருக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்! அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 2004 ஏதென்ஸில், சீனாவின் சூ சினான் 599 எடுத்திருந்தார். வகுப்பில் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கினால் யார் முதல் என்று எப்படிச் சொல்வது? அந்த நிலைமைதான். 2013 முதல் ரைபிள் தகுதிச் சுற்றிலும் தசம மதிப்பெண் வந்தது.

பிஸ்டலில் அந்த நெருக்கடி வரவே இல்லை. ஆண்கள் பிரிவில் தென் கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 2009-இல் 594 எடுத்தது உலக சாதனை. டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் நம் சௌரப் சவுத்ரி முதலிடம் பிடித்தது 586-இல். பாரிஸில் பெண்கள் தகுதிச் சுற்றில் முதலிடம் 582. பத்து வளையம் 3.2 மடங்கு பெரிதாக இருந்தும், உலகின் சிறந்தவர்களே 60 ஷாட்டில் 14, 18 மதிப்பெண்களை இழக்கிறார்கள்.

பிஸ்டல் எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவே முதல் சாட்சி. டார்கெட்டைப் பெரிதாக்கிக் கொடுத்தும் மதிப்பெண் ஏறவில்லை.

ஒரே ஓட்டை, இரண்டு மதிப்பெண்

பாரிஸில் ஆண்கள் ஏர் ரைபிள் இறுதிச் சுற்று. அர்ஜுன் பபூதா பதக்கத்துக்கு மிக அருகில் இருந்தார். 20-ஆவது ஷாட்டில் 9.5 வந்தது. மொத்தம் 208.4. நான்காவது இடத்தோடு வெளியேறினார்.

9.5 என்றால் எவ்வளவு தூரம் தள்ளிப்போயிருக்கும்? ரைபிளில் ஒவ்வொரு 0.1-க்கும் 0.25 மி.மீ. இடைவெளி. அந்தக் கணக்குப்படி 9.5 என்பது மையத்திலிருந்து 3.5 முதல் 3.75 மி.மீ. தூரம். நான்கு மில்லிமீட்டர் கூட இல்லை.

இப்போது அதே ஓட்டையை அப்படியே பிஸ்டல் டார்கெட்டில் வையுங்கள். பிஸ்டலில் ஒவ்வொரு 0.1-க்கும் 0.8 மி.மீ. இடைவெளி. 3.5 மி.மீ. தூரத்தில் விழுந்த பெல்லட்டுக்கு அங்கே கிடைப்பது 10.5!

பதக்கத்தைப் பறித்த அதே ஷாட், பக்கத்துப் போட்டியில் கைதட்டல் வாங்கும் ஷாட். எனவே 9.5-ஐப் பார்த்து "இவ்வளவு மோசமாவா சுடுவாங்க?" என்று சமூக ஊடகத்தில் எழுதுவதற்கு முன், அது ஒரு வெள்ளைப்பூண்டுப் பல்லின் அகலம்கூட இல்லை என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் மில்லிமீட்டருக்கு மாற்றினால்?

இறுதிச் சுற்றில் இரண்டு போட்டிக்குமே தசம மதிப்பெண்தான். அதனால் ஒப்பிடுவது சுலபம். பாரிஸில் தங்கம் வென்றவர்களின் 24 ஷாட் மொத்தத்தை எடுத்து, ஒரு ஷாட்டின் சராசரியைக் கண்டுபிடித்து, அதை மையத்திலிருந்து உள்ள தூரமாக மாற்றினோம். நமக்குக் கிடைத்தது இது:

• ஆண்கள் ஏர் ரைபிள், ஷெங் லிஹாவ், சீனா: 252.2. சராசரி 10.51. மையத்திலிருந்து சுமார் 1.1 மி.மீ.
• பெண்கள் ஏர் ரைபிள், பான் ஹியோ-ஜின், தென் கொரியா: 251.8. சராசரி 10.49. சுமார் 1.1 மி.மீ.
• ஆண்கள் ஏர் பிஸ்டல், ஷியே யூ, சீனா: 240.9. சராசரி 10.04. சுமார் 7.3 மி.மீ.
• பெண்கள் ஏர் பிஸ்டல், ஓ யே-ஜின், தென் கொரியா: 243.2. சராசரி 10.13. சுமார் 6.5 மி.மீ.

வெண்கலம் வென்ற மனு பாக்கர் 22 ஷாட்டில் எடுத்தது 221.7. அதை மாற்றினால் சுமார் 7 மி.மீ. நான்காவதாக வந்த பபூதாவின் 20 ஷாட் சராசரி சுமார் 1.3 மி.மீ.

கணக்கு போட்ட முறை எளிதுதான். 11-இலிருந்து சராசரி மதிப்பெண்ணைக் கழித்து, ரைபிளுக்கு 2.5-ஆலும் பிஸ்டலுக்கு 8-ஆலும் பெருக்க வேண்டும். மதிப்பெண் எப்போதும் 0.1-க்குக் கீழ்நோக்கி வெட்டப்படுவதால், கழிப்பதற்கு முன் சராசரியோடு 0.05 சேர்த்திருக்கிறோம். அதனால் இவை தோராய எண்கள்.

படம் இப்போது தெளிவாகிறது. ரைபிள் சாம்பியனின் ஷாட்டுகள் மையத்திலிருந்து சராசரியாக ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் விழுகின்றன. பிஸ்டல் சாம்பியனின் ஷாட்டுகள் ஏழு மில்லிமீட்டர் பக்கத்தில். ஏறத்தாழ ஆறு மடங்கு சிதறல். டார்கெட் 3.2 மடங்குதான் பெரிது. சிதறல் ஆறு மடங்கு என்பதால், மிச்சமுள்ள வித்தியாசம் மதிப்பெண்ணில் குறைகிறது. பிஸ்டல் மதிப்பெண்கள் குறைவாக இருப்பதன் காரணம் அவ்வளவுதான்.

இரண்டு பேரையும் டார்கெட் மாற்றிச் சுட வைத்தால்? மனுவின் அந்த வெண்கலப் பதக்க ஆட்டம் ரைபிள் டார்கெட்டில் ஷாட்டுக்கு சுமார் 8.2 தரும். 60 ஷாட்டுக்கு 490 பக்கம். பபூதாவின் ஆட்டம் பிஸ்டல் டார்கெட்டில் ஷாட்டுக்கு சுமார் 10.8 தரும். 60 ஷாட்டுக்கு 647 பக்கம். இதை வைத்து ஒருவரை மேலே, மற்றவரைக் கீழே வைக்க முடியாது. கையில் இருக்கும் கருவி வேறு என்பதைத்தான் இது சொல்கிறது.

பிஸ்டல் ஏன் இவ்வளவு சிதறுகிறது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்புங்கள். எடை ஒரு கிலோ. ஏர் பிஸ்டலின் எடையும் ஏறக்குறைய அதுதான். விதிப்படி 1.5 கிலோவைத் தாண்டக்கூடாது. பாட்டிலின் கழுத்தைப் பிடித்து ஒரு கையை நேராக நீட்டுங்கள். இன்னொரு கையை பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவரில் இருக்கும் சுவிட்ச் ஒன்றைக் குறி வைத்து, பத்து விநாடி அசையாமல் இருங்கள்.

முடியாது. யாராலும் முடியாது. பாட்டில் நடுங்கும், மிதக்கும், கீழே இறங்கும். பிஸ்டல் வீரர்களுக்கும் கை அசையத்தான் செய்யும். பயிற்சியில் அந்த அசைவு சின்னதாகும், மறையாது. இதை 60 தடவை, 75 நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவை கையை உயர்த்தும்போதும் சுட்டுவிட முடியாது. சரியில்லை என்று தோன்றினால் இறக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அப்போது உயர்த்தும் எண்ணிக்கை 60-ஐத் தாண்டிப் போகும்.

இதோடு மூன்று விஷயங்கள் சேர்கின்றன.

முதலாவது, தாங்கல் எதுவும் இல்லை. பிஸ்டலை ஒரு கையால் மட்டுமே பிடிக்க வேண்டும். மணிக்கட்டு எந்தப் பிடிமானமும் இல்லாமல் இருக்க வேண்டும். காலணிகூட கணுக்காலை மூடக்கூடாது. தோளில் தொடங்கி விரல் நுனி வரை எல்லா மூட்டுகளும் அசையலாம். அத்தனையையும் தசையாலேயே கட்டுப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, ட்ரிகர். ஏர் பிஸ்டலின் ட்ரிகரை அழுத்தக் குறைந்தபட்சம் 500 கிராம் விசை வேண்டும் என்பது விதி. ஒரு கிலோ துப்பாக்கிக்கு அரை கிலோ அழுத்தம்! விரல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினாலும் துப்பாக்கியின் மூக்கு திரும்பிவிடும். ரைபிளுக்கு அப்படிக் குறைந்தபட்ச விசை கிடையாது. பலரும் 100 கிராமுக்கும் குறைவாக வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து கிலோ துப்பாக்கியை அந்தச் சின்ன அழுத்தம் அசைக்காது. பிஸ்டல் பயிற்சியில் ட்ரிகர், ட்ரிகர் என்று ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, சைட். பிஸ்டலில் இருப்பது ஓப்பன் சைட். பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு சதுர முனை. முனை பள்ளத்தின் நடுவில், மேல்மட்டம் சமமாக இருக்க வேண்டும். பெரும்பாலானோர் கறுப்பு வட்டத்தின் நடுவைக் குறிபார்ப்பதில்லை. அதற்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பகுதியைத்தான் குறிபார்க்கிறார்கள். கண்ணின் கூர்மை முன் முனையில் இருக்கும், டார்கெட் மங்கலாகத் தெரியும்.

முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 35 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். டார்கெட் 10 மீட்டர் தள்ளி இருக்கிறது. சைட்டில் ஏற்படும் தவறு டார்கெட்டில் சுமார் 28 மடங்காகப் பெருகும். முனை 0.3 மி.மீ. விலகினால் போதும், பெல்லட் 8 மி.மீ. தாண்டிப் போய்விடும். பத்து போச்சு.

அப்போ ரைபிள் சுலபமா?

இங்கேதான் பலரும் தப்புக்கணக்கு போடுகிறார்கள்.

ரைபிளுக்கு உதவிகள் அதிகம் என்பது உண்மை. பின்னால் ஊசித் துளை போன்ற பீப் சைட், முன்னால் ஒரு வளையம், அதற்குள் டார்கெட்டின் கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் வட்டம் வைப்பதில் மனிதக் கண் இயல்பாகவே கெட்டி. துப்பாக்கி தோளில் பதிகிறது, கன்னம் கட்டையில் படிகிறது, முன் கையின் முழங்கை இடுப்பெலும்பில் ஊன்றுகிறது. எடையைத் தசை சுமப்பதில்லை, எலும்பு சுமக்கிறது. கெட்டியான கோட்டும் பேன்ட்டும் உடம்பு வளைந்துவிடாமல் தாங்குகின்றன.

ஆனால் அந்த நிலையில் நிற்பதுதான் பெரிய வேலை. ரைபிளின் எடை 5.5 கிலோ வரை இருக்கலாம். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் சாய்த்துத் திருப்பி நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். 60 ஷாட்டுக்கும் அதே நிலை திரும்பத் திரும்ப வர வேண்டும். பாதம் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் துப்பாக்கி இயல்பாகப் பார்க்கும் இடம் மாறிவிடும். அதைக் கையால் இழுத்துச் சரிசெய்தால் ஷாட் தப்பும். இதயத் துடிப்பே சைட்டில் தெரியும் அளவுக்கு நுணுக்கமான விளையாட்டு இது.

நம்ம ஊர் வெயிலில் அந்த உடையை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பது தனிச் சோதனை. அந்த உடையின் தடிமனையும் விறைப்பையும் கருவிகள் வைத்துச் சோதிப்பார்கள். அளவு தாண்டினால் உடை செல்லாது.

இதையெல்லாம் விட முக்கியமானது, போட்டியின் நெருக்கம். பாரிஸில் பெண்கள் ரைபிள் தகுதிச் சுற்றில் பான் ஹியோ-ஜின் 634.5 எடுத்து ஒலிம்பிக் சாதனை படைத்தார். இளவேனிலின் மதிப்பெண் 630.7. வித்தியாசம் 3.8. அதை 60 ஷாட்டுக்குப் பிரித்தால் ஷாட்டுக்கு 0.063. மில்லிமீட்டரில் சொன்னால் 0.16.

சாதாரண ஏ4 தாளின் தடிமன் 0.1 மி.மீ. ஒலிம்பிக் சாதனைக்கும் 10-ஆவது இடத்துக்கும் நடுவே ஷாட்டுக்கு இரண்டு தாள் இடைவெளிகூட இல்லை.

அந்தப் பிரிவின் இறுதிச் சுற்று இன்னும் நெருக்கம். பான் ஹியோ-ஜினும் சீனாவின் ஹுவாங் யூடிங்கும் 24 ஷாட் முடிவில் சரிசமமாக 251.8. ஒரே ஒரு கூடுதல் ஷாட் வைத்தார்கள். 10.4-க்கு 10.3. தங்கம் முடிவானது அந்த 0.1-இல்.

பிஸ்டலில் மட்டும் நெருக்கம் இல்லையா?

இருக்கிறது. ஆனால் அதன் வடிவம் வேறு.

பாரிஸில் ஆண்கள் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றில் சரப்ஜோத் சிங் 577 எடுத்தார். ஜெர்மனியின் ராபின் வால்டரும் 577. எட்டாவது இடம் யாருக்கு? பத்து வட்டத்துக்குள் இருக்கும் சின்ன வட்டமான 'இன்னர் டென்'-ஐ யார் அதிகம் அடித்தார்கள் என்று பார்த்தார்கள். வால்டர் 17, சரப்ஜோத் 16. ஒன்பதாவது இடத்தோடு சரப்ஜோத் வெளியே. மூன்று நாள் கழித்து அவரும் மனுவும் சேர்ந்து கலப்பு அணிப் பிரிவில் தென் கொரியாவை 16–10 என்று வென்று வெண்கலம் வாங்கியது தனிக்கதை.

மனுவும் இறுதிச் சுற்றில் வெறும் 0.1-இல் வெள்ளிப் பதக்க வாய்ப்பை இழந்தார். பிஸ்டலில் அந்த 0.1 என்பது 0.8 மி.மீ.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. பிஸ்டலில் ஒரு 9.2, ஒரு 8.9 வந்தால் ஆட்டம் முடிந்துவிடாது. எல்லோருக்கும் அப்படி ஒன்றிரண்டு வரும். கெட்ட ஷாட்டை மறந்துவிட்டு அடுத்ததைச் சுடத் தெரிந்தவர் மேலே வருவார். ரைபிளில் எல்லோரும் 10.3-க்கும் 10.8-க்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு 9.5 வந்தால் மீள்வது கஷ்டம். பிஸ்டலில் எழுந்து வருவது திறமை. ரைபிளில் விழாமல் இருப்பது திறமை.

என் பிள்ளைக்கு எது சரி?

பயிற்சி மையங்களில் பெற்றோர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான். "எதுல சீக்கிரம் மெடல் வரும்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் பிரிவில் இந்தியாவின் கணக்கு இரண்டுக்கு இரண்டு. ரைபிளில் பிந்த்ராவின் 2008 தங்கமும் ககன் நாரங்கின் 2012 வெண்கலமும். பிஸ்டலில் 2024-இன் இரண்டு வெண்கலம். எனவே வேறு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

*உடல்வாகு எப்படி?* பிஸ்டலுக்குத் தோள், முன்கை, மணிக்கட்டு வலுவாக இருக்க வேண்டும். ரைபிளுக்கு முதுகும் இடுப்பும் முக்கியம். முதுகு ஒரு பக்கமாகவே வளைந்து நிற்பதால், வளரும் பிள்ளைகளுக்கு மறுபக்கத்தையும் சமப்படுத்தும் உடற்பயிற்சி கட்டாயம். அதைச் சொல்லித்தராத இடத்தில் யோசித்துச் சேருங்கள்.

*சுபாவம் எப்படி?* ஒரே வேலையை மாற்றமே இல்லாமல் திரும்பத் திரும்பச் செய்வதில் சலிப்பு வராத பிள்ளைக்கு ரைபிள் பொருந்தும். தவறு நடந்தால் அதையே நினைத்துக்கொண்டிருக்காத பிள்ளைக்கு பிஸ்டல் பொருந்தும். இது விதி இல்லை, ஒரு வழிகாட்டல் மட்டுமே.

*முன்னேற்றம் எவ்வளவு வேகம்?* ரைபிளில் நிற்கும் முறை பிடிபட்டதும் மதிப்பெண் வேகமாக ஏறும். அதன் பிறகு ஒவ்வொரு 0.1-க்கும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். பிஸ்டலில் முதல் நாளிலிருந்தே ஏற்ற இறக்கம் இருக்கும். நேற்று 550, இன்று 535 என்று வந்தால் பயிற்சி வீண் என்று அர்த்தம் இல்லை.

*செலவு எவ்வளவு?* இறக்குமதியாகும் போட்டித் துப்பாக்கி என்றால் இரண்டுமே லட்சத்தைத் தாண்டும். ரைபிளுக்கு அதற்கு மேல் கோட், பேன்ட், பூட்ஸ், கையுறை வேண்டும். பிள்ளை வளர வளர அளவும் மாறும். பிஸ்டலுக்குத் துப்பாக்கியும் தட்டையான காலணியும் இருந்தால் தொடங்கிவிடலாம். தொடக்கத்தில் மையத்தின் துப்பாக்கியிலேயே பழகுவது நல்லது. பிள்ளைக்குப் பிடிக்கிறதா என்று தெரியும் முன் கடன் வாங்கி வாங்காதீர்கள்.

*உரிமம் வேண்டுமா?* 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. அளவுக்கு மிகாத, 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிகளில் பயன்படும் ஏர் ரைபிளும் ஏர் பிஸ்டலும் இந்த வரம்புக்குள்தான் வருகின்றன. அதற்காக மொட்டை மாடியில் சுட்டுப் பழகலாம் என்று நினைக்க வேண்டாம். நொடிக்கு 150 மீட்டருக்கு மேல் பாயும் ஈயக் குண்டு கண்ணைப் பறித்துவிடும். ரேஞ்சில் மட்டும்தான்.

*நடுவழி ஏதாவது இருக்கிறதா?* இருக்கிறது. நம் நாட்டில் மாநில அளவிலான பல போட்டிகளில் 'ஓப்பன் சைட் ஏர் ரைபிள்' என்று ஒரு பிரிவு உண்டு. ரைபிள்தான், ஆனால் பீப் சைட் கிடையாது. ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவு இல்லை. அதிகச் செலவில்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்கு இது ஒரு வாசல்.

வாய்ப்பு இருந்தால் இரண்டையும் ஒரு வாரம் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதை வைத்துவிட்டு வர மனசில்லையோ, அதுதான் அந்தப் பிள்ளையின் துப்பாக்கி.

அடுத்த தடவை ஸ்கோர் பார்க்கும்போது...

மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, தகுதிச் சுற்றில் ரைபிள் மதிப்பெண்ணையும் பிஸ்டல் மதிப்பெண்ணையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். ஒன்று 654-க்கு, இன்னொன்று 600-க்கு. பாரிஸை வைத்துச் சொன்னால், ரைபிளில் 630 என்பது இறுதிச் சுற்றின் வாசற்படி. ஆண்கள் பிரிவில் 630.1 எடுத்த பபூதா ஏழாவதாக உள்ளே போனார், பெண்கள் பிரிவில் 630.7 எடுத்த இளவேனில் வெளியே நின்றார். ஆண்கள் பிஸ்டலில் அந்த வாசற்படி 577.

இரண்டு, ரைபிளில் 0.1 என்றால் கால் மில்லிமீட்டர். பிஸ்டலில் 0.1 என்றால் 0.8 மில்லிமீட்டர்.

மூன்று, ரைபிளில் 9.5 மோசமான ஷாட். பிஸ்டலில் 9.5 சாதாரண ஷாட். திரையில் ஒரே எண்தான் தெரியும், ஆனால் பிஸ்டலில் அந்த 9.5-க்கு விலகல் 11 மில்லிமீட்டருக்கு மேல். ரைபிளில் நான்குக்கும் கீழே.

கடைசியாக, "எது கஷ்டம்?" என்று யாராவது கேட்டால் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து ஒரு கையை நீட்டச் சொல்லுங்கள். பிஸ்டல் புரிந்துவிடும். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் 0.5 பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அதைப் பத்து மீட்டர் தள்ளி ஒட்டி, அங்கிருந்து பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி கண்ணுக்கே தெரியாது. ரைபிள் வீரர் 60 தடவை அடிக்க வேண்டிய இடம் அதுதான்.